நாலாவது திருகாணி

பேரன்பும் பெருமரியாதையும் கொண்ட மாமா அவர்களின் சமூகத்துக்கு, மாப்பிள்ளை அடக்கத்துடன் எழுதிக்கொண்டது. நானும் தங்கள் மகளும் சுகம். தங்கள் முழங்கால் வலியும் அத்தையின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். கல்யாணத்தன்று தாங்கள் என் கையில் கட்டிவிட்ட வாட்ச்சும் நலமே. அதாவது, அதன் ஒவ்வொரு உறுப்பும் தனித்தனியே நலம்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் எடுத்ததுமே, "மாப்பிள்ளை, வாட்ச் ஓடுதா?" என்பீர்கள். ஆறு வருஷமாக வாரம் தவறாத கேள்வி. நான் பொய் சொன்னால் குரலே காட்டிக்கொடுத்துவிடும்.

நடந்தது இதுதான். ஸ்மார்ட் வாட்ச்சின் திரையில் தெரியும் முகப்பை வரைவது என் பிழைப்பு என்பது தாங்கள் அறிந்ததே. போன மாதம் மேலாளர் கூப்பிட்டு, "முள்ளு மட்டும் சுத்தினா போதாதுங்க. உள்ள இருக்கற சக்கரம், ஸ்பிரிங் எல்லாம் அசல் மாதிரியே ஓடணும். பாக்கறவன் காதுல வெச்சுக் கேக்கணும்" என்றார். அசல் என்றதும் தங்கள் வாட்ச்தான் நினைவுக்கு வந்தது. சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துணி விரித்துப் பின்மூடியைத் திறந்தேன். ஆகா, மாமா! அந்தக் குட்டிச் சக்கரம் இப்படியும் அப்படியும் துள்ளிய அழகை என்னவென்று சொல்ல! வரைந்தேன். அடியில் என்ன இருக்கிறதென்று பார்க்க ஒன்றைக் கழற்றினேன், அதையும் வரைந்தேன், அதற்கும் அடியில் பார்க்க இன்னொன்றைக் கழற்றினேன், கடைசியில் துணி இருந்தது, வாட்ச் இல்லை. அந்த நேரம் பார்த்துத் தங்கள் மகள், "ஏங்க இப்படி வேர்த்து வழியறீங்க?" என்று மின்விசிறியைப் போட்டாள். பதறியடித்து எண்ணினால், திருகாணிக்கு நாலு ஓட்டை, திருகாணி மூன்று!

இரண்டு நாள் சல்லடை போட்டுச் சலித்தோம். சோபாவைக் கவிழ்த்தோம், துடைப்பத்தில் காந்தம் கட்டிப் பெருக்கினோம். கீழ் வீட்டுக்காரர் சத்தம் கேட்டு மேலே வந்து, "வீடு காலி பண்றீங்களா?" என்று ஆசையோடு கேட்டார். திருகாணி கிடைக்கவில்லை. ஆனால் மூன்று வருஷமாக நான்தான் தொலைத்தேன் என்று சொல்லப்பட்டுவந்த தோடு கிடைத்தது. அன்று தங்கள் மகள் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை மாமனாருக்கு எழுதுவது முறையல்ல.

இதற்கு நடுவே முகப்பு முடிந்துவிட்டது. தினமும் பக்கத்துக் குமிழைத் திருகிச் சாவி கொடுக்காவிட்டால் நின்றுவிடும்படியும் செய்துவிட்டேன். "சாவி குடுக்கற ஸ்மார்ட் வாட்ச்சா? எவன் வாங்குவான்?" என்று முறைத்த மேலாளர், மறுநாள் சாவி கொடுக்க மறந்து, தான் கூட்டிய கூட்டத்துக்கே ஒரு மணி நேரம் தாமதமாக ஓடிவந்து, "நின்னுபோச்சுங்க! நெஜமாவே நின்னுபோச்சு!" என்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை, மாமா.

ஆனால் நாளை மறுநாள் தாங்கள் வருகிறீர்கள். ஒரு வாரம் தள்ளிப்போட முடியுமா? எங்காவது ஒரு திருகாணி தேடிப் பூட்டிவிடுவேன். கொடுத்ததைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவன் என்று தாங்கள் நினைத்துவிடக் கூடாது. மகளையும் தாங்கள்தானே கொடுத்தீர்கள்.

நான் வரைந்த முகப்போடு என் கையிலிருக்கும் ஸ்மார்ட் வாட்ச்சில் இப்போது மணி நாலே கால். தபால் நிலையம் மூட இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது; விரைவுத் தபாலில் போட்டால் நாளைக்கே தங்களுக்குக் கிடைத்துவிடும். அத்தைக்கு என் வணக்கம்.

தங்கள் ஆசியை முன்கூட்டியே கோரும்,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: தபால் நிலையம் பூட்டிக் கிடந்தது. என் கையில் அப்போதும் நாலே கால்தான். சாவி கொடுக்க மறந்திருக்கிறேன். ஆகவே தாங்கள் சொன்ன நாளில் வந்து, மேஜையைப் பார்த்து, என்னைவிட அதிகமாக வெளிறிப்போய், "கண்டுபிடிச்சிட்டீங்களா மாப்பிள்ளை? அந்த நாலாவது திருகாணியைக் கல்யாணத்துக்கு முந்தின நாளே நான்தான் தொலைச்சேன். துடைச்சுக் குடுக்கலாம்னு திறந்தேன். மூணுலயே ஓடுச்சு, சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் வாராவாரம் ஓடுதா ஓடுதானு கேட்டுக்கிட்டே இருந்தேன்" என்றீர்கள். நான் வரைந்த படங்களைக் கடைசியிலிருந்து புரட்டிப் புரட்டி, நாம் இருவரும் சிரித்துக்கொண்டே பூட்டிய வாட்ச் இதோ ஓடுகிறது. எழுதியதை வீணாக்க மனமில்லாமல் இதைத் தங்கள் பையில் வைக்கிறேன். ஸ்மார்ட் வாட்ச்சின் திரையை உற்றுப் பார்த்து, "அசல்னு சொன்னீங்க, இதுல திருகாணி நாலு இருக்கே?" என்று கேட்டீர்கள் அல்லவா? முகப்பிலிருந்தும் ஒன்றைக் கழற்றிவிட்டேன். மேலாளர் கேட்டால் தங்கள் போன் நம்பரைக் கொடுக்கலாமா?