அமைச்சரவையில் ஆறிப்போன காப்பி

என் நதீம், என் நத்தூம், என் கண்ணே,

அக்கா அத்லா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. உன் சுகத்துக்குப் பதில் எழுது என்று கேட்கத்தான் ஆசை. எங்கேயிருந்து எழுதுவாய் என்று தெரியாததால் வற்புறுத்தவில்லை. என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள். என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டுத்தான் உன்னைச் சேர்த்தார்கள், ஆகையால் பிழை இருந்தால் அதில் பாதி உன்னுடையது.

நீ இல்லாதபோது நடந்ததையெல்லாம் சொல்ல வேண்டும். கிழக்கு பெய்ரூட்டுக்கும் மேற்குக்கும் நடுவிலுள்ள கடவுப்பாதையில் முகமூடி போட்டவர்கள் உன்னை நீ ஓட்டிவந்த டாக்ஸியிலிருந்து இறக்கிக்கொண்டு போனார்கள் என்றும், கதவு திறந்தபடியே கிடந்தது, ரேடியோ அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது என்றும் பின்சீட்டில் இருந்த அம்மாள் வந்து சொன்னாள். யார் ஆட்கள் என்று கேட்டால், முகமூடிக்கு ஏது கட்சி என்கிறாள். அதற்குப் பிறகு இது இரண்டாவது குளிர்காலம். இதற்கு நடுவில் நாட்டுக்கு ஒரு அரசாங்கம் வந்திருக்கிறது நத்தூம், சிரிக்காதே. இத்தனை நாள் ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கொண்டவர்கள் எல்லாரும் ஒரே அரசாங்கத்தில் மந்திரிகள். போர் நின்றுவிட்டதா என்று கேட்காதே, அது தனியாக நடந்துகொண்டிருக்கிறது. காலையில் கூடி அமைதி பேசுவார்கள், மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். கிழக்கு பெய்ரூட்டுக்கு இவர்கள் போகமாட்டார்கள், மேற்குக்கு அவர்கள் வரமாட்டார்கள் என்பதால் இரண்டுக்கும் நடுவில், கூரையில் பாதி இல்லாத ஒரு பட்டு வியாபாரி வீட்டைப் பிடித்து அங்கே அமைச்சரவை கூடுகிறது. அந்த அமைச்சரவைக்குக் காப்பி போடுகிறவள் யார் தெரியுமா? உன் அக்கா.

எப்படிக் கிடைத்தது என்கிறாயா? முதலில் ஒவ்வொரு மந்திரியும் தன் காப்பிக்காரனைத் தானே கூட்டிவந்தார். ஒருத்தர் காப்பியை இன்னொருத்தர் தொடமாட்டார், விஷம் இருக்குமாம். ஒரு நாள் அடுப்புக்குச் சண்டை வந்து ஒரு காப்பிக்காரன் இன்னொருத்தன் தலையில் கொதிக்கக் கொதிக்க ஊற்றிவிட்டான், அதற்காக மூன்று நாள் கடைத்தெருவில் துப்பாக்கிச் சூடு. அப்புறம்தான் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு ஆள் வேண்டும் என்று தேடினார்கள். அமைச்சரவைச் செயலாளர் லபீப் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"அத்லாம்மா, நீங்க எந்தக் கட்சி?"

"எந்தக் கட்சியும் இல்லைங்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. சரி, யார் மேல உங்களுக்குக் கோபம்?"

"என் தம்பியைத் தூக்கிட்டுப் போனவங்க மேல."

"அது யாரு?"

"தெரியலைங்களே. அதனால எல்லார் மேலயும் ஒரே அளவு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த ஊர்லயே நடுநிலையான ஆள் நீங்க ஒருத்தர்தாம்மா. நாளைக்கே வந்துடுங்க" என்றார்.

மந்திரிகள் பத்துப் பேர் என்றாலும் பேசுகிறவர்கள் மூன்று பேர்தான், மற்றவர்கள் தங்கள் தலைவர் எந்தப் பக்கம் தலையாட்டுகிறாரோ அந்தப் பக்கம் ஆட்டுவார்கள். பெயரை எழுதிக் கடிதம் பிடிபட்டால் வம்பு, அதனால் நான் வைத்த பெயரைச் சொல்கிறேன். ஒருத்தர் பொன்பல். ஒருத்தர் டாக்டர், எதற்கும் குரலை உயர்த்தமாட்டார், அதுதான் பயமாக இருக்கும். இன்னொருத்தர் தும்மல்காரர், காப்பியில் போடும் ஏலக்காய் வாசனை பட்டால் தும்முவார், தும்மும்போதெல்லாம் வெளியே காவலர்கள் துப்பாக்கியைத் தூக்குவார்கள். இவர்களுக்கு நடுவில் "சகோதரர்களே, சகோதரர்களே" என்று சொல்லிக்கொண்டே இளைத்துப்போன பிரதமர். காப்பியை வலப்பக்கத்திலிருந்து ஊற்றிக்கொண்டு வருவதுதானே முறை? வலப்பக்கம் எது என்பதில்தான் அரசாங்கம் முதல் தடவை கவிழப் பார்த்தது. வட்ட மேசை கொண்டுவந்தார்கள். வட்டத்துக்கும் வலது உண்டு என்று தும்மல்காரர் கண்டுபிடித்தார். கடைசியில் நானே ஒரு பெரிய தாம்பாளத்தில் எல்லாக் கோப்பையையும் நடுவில் வைத்து, முதல் கோப்பையை அவர்கள் கண்ணெதிரில் நான் குடித்துக் காட்டுவது, பிறகு எல்லாரும் ஒன்றாக எடுப்பது என்று முடிவானது. அதாவது நான் குடித்து, சாகாமல் நிற்கிறேனா என்று பார்த்த பிறகுதான் இந்த நாட்டில் ஆட்சி தொடங்கும். அப்புறம் சர்க்கரை. பொன்பல்லின் மச்சான் குண்டில் போய்விட்டதால் அவர் இழவுக்காரராகக் கசப்புக் காப்பி கேட்டார். உடனே டாக்டர், "எங்க பக்கமும் சாவு இருக்கு" என்று கசப்புக் கேட்டார். தும்மல்காரர் விடுவாரா? அன்றிலிருந்து அமைச்சரவை முழுக்கச் சர்க்கரையை விட்டுவிட்டது.

இப்படியே காலம் போயிருக்கும். ஒரு நாள் போர்நிறுத்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே குண்டு விழ ஆரம்பித்தது, ஒன்று தோட்டத்திலேயே விழுந்து ஜன்னல் கண்ணாடி பிரதமர் மடியில் கொட்டியது. மூன்று தலைவர்களும் மூன்று டெலிபோனுக்குப் பாய்ந்தார்கள். "டேய் மடையா, உள்ளே நான் இருக்கேன்டா!" "நிறுத்து, நிறுத்துன்னு சொல்றேன்ல!" "உங்கப்பன் இங்க காப்பி குடிச்சிட்டிருக்கேன்டா கழுதை!" நான் ஊற்றின காப்பியில் நுரை அடங்கவில்லை, அதற்குள் பெய்ரூட் முழுக்க அமைதி. எங்கேயோ ஒரு சேவல் கூவியதுகூடக் கேட்டது. பிரதமர் கண்ணாடித் துண்டைத் தட்டிவிட்டுக்கொண்டே, "பாத்தீங்களா சகோதரர்களே, எவ்வளவு சுலபம்" என்றார். கெட்ட வார்த்தை சொன்னவரைப் பார்ப்பது போல எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். நான் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். இதற்கு ஒரு குழாய் இருக்கிறது நத்தூம், திருகினால் நிற்கிறது, திருகுவது இவர்கள் கையில்தான் இருக்கிறது. பறந்து வரும் குண்டை நிறுத்த முடிகிறவர்களுக்கு ஒரு டாக்ஸிக்காரனைத் திருப்பி அனுப்ப முடியாதா?

லபீப்பிடம் சொன்னேன். அவர் பதறிவிட்டார். "ஒண்ணும் கேட்டுடாதீங்கம்மா. இது அரசாங்கம், கேக்குற இடமில்லை" என்றார். நான் கேட்கவில்லை. அடுத்த கூட்டத்தில் தாம்பாளத்தை வைத்தேன், என் கோப்பையை ஊற்றினேன், குடிக்காமல் அதை மேசை மேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். அவ்வளவுதான்.

தும்மல்காரர் துள்ளி எழுந்தார். "விஷம்! அவளே குடிக்கலை பாருங்க!" வெளியே துப்பாக்கிகள் சடசடவென்று உயர்ந்தன. டாக்டர்தான் கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"விஷம் இல்லை. இவங்க ஏதோ கேட்டு வந்திருக்காங்க."

நம் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டுமா? ஒரு காரியமாக வீடு தேடி வந்தவர் காப்பியைத் தொடாமல் கீழே வைத்தால், "குடிங்க, வந்த காரியம் ஆச்சு" என்று வீட்டுக்காரர் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாத வீட்டில் பிறகு யார் பெண் கொடுப்பார்கள்? பத்துப் பேருக்கும் அது தெரியும். ஆனால் யார் வீட்டுக்காரர்?

"பிரதமர்தான் சொல்லணும், அவர்தானே தலைமை" என்றார் பொன்பல்.

"நான் இங்க விருந்தாளி மாதிரிதான் சகோதரரே. இடம் உங்க காவல்ல இருக்கு" என்றார் பிரதமர்.

"முன்வாசல்தான் எங்க காவல். வீடு டாக்டர் ஆளுங்க கையில" என்றார் பொன்பல்.

"கூரை பாதி போன வீட்டுக்கு நான் எப்படி வீட்டுக்காரன் ஆவேன்?" என்றார் டாக்டர், மெதுவாக.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இந்த நாடு யார் வீடு என்று இத்தனை வருஷம் ஊரைக் கொளுத்தியவர்கள், கேட்க ஒருத்தி வந்து நின்றதும், உங்கள் வீடு, இல்லை உங்கள் வீடு என்று உபசாரம் செய்துகொண்டார்கள். கோப்பையில் ஆவி நின்றுபோனது. அப்புறம் நானே சொன்னேன், உன் பேர் நதீம் என்று, நீலக் கோடு போட்ட டாக்ஸி என்று, புருவத்தில் தழும்பு என்று, யாருக்கும் கெட்டது நினைக்காதவன், கொஞ்சம் வாய் மட்டும் ஜாஸ்தி என்று. "உங்கள்ல ஒருத்தர்கிட்டதான் இருக்கான். ஆகாயத்துக்கு ஏறிப் போயிருக்கமாட்டான்."

"எங்ககிட்ட இல்லை" என்றார் பொன்பல். "எங்ககிட்டயும் இல்லை" என்றார் டாக்டர். தும்மல்காரர் தும்மாமல் சொன்னார், "எங்ககிட்ட யாருமே இல்லை." மீதிப் பேர் தலையாட்டினார்கள், எல்லாத் தலையும் ஒரே பக்கம். லபீப் குனிந்து எழுதினார். பிறகு என்னிடம் சொன்னார், இந்த அரசாங்கம் ஏகமனதாகச் சொன்ன முதல் விஷயம் அதுதானாம். அன்று யாரும் காப்பி குடிக்கவில்லை. தாம்பாளத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தேன், கனமாக இருந்தது.

சமையலறையில் கோப்பை கழுவும்போது ஒவ்வொருத்தராக வந்தார்கள். தும்மல்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "நான் சொன்னேன்னு சொல்லாதீங்க, டாக்டர் ஆளுங்களா இருக்கும்" என்றார். டாக்டர் வந்து, "பொன்பல்காரங்க பக்கம் விசாரிங்கம்மா" என்றார். (பொன்பல் என்று அவர் சொல்லவில்லை, நான்தான் எழுதுகிறேன்.) பொன்பல் வந்து என் முழங்காலுக்கு ஒரு தைலம் கொடுத்துவிட்டு, தும்மல்காரர் பேரைச் சொன்னார். மேசையில் நீ யாரிடமும் இல்லை, சமையலறையில் எல்லாரிடமும் இருக்கிறாய். தைலம் நல்ல தைலம், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உன்னைப் பிடித்து வைத்திருக்கிறவனே என் வலிக்கு மருந்து கொடுத்தால் நான் எதை நம்பி அவனைத் திட்டுவது?

ஆகையால் முடிவு பண்ணிவிட்டேன். வேலையை விட்டுவிட்டேன், லபீப்புக்குச் சொல்லியனுப்பியாகிவிட்டது. பத்துப் பேர் சேர்ந்து இல்லை என்று சொன்னால் நீ இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். துக்கத்துக்குக் கறுப்பு உடை தைக்கக் கொடுத்திருக்கிறேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து உட்கார்ந்து அழுதார்கள், நானும் அழுதேன். சொல்லப்போனால் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. கதவுச் சத்தத்துக்கு எழுந்து ஓட வேண்டாம். உன் படுக்கையை வெயிலில் போட்டு எடுத்து மடித்து மேலே வைத்துவிட்டேன். ஆண்டவன் உன்னைத் தன் நிழலில் வைத்துக்கொள்ளட்டும், நம் அப்பா அம்மாவைப் பார்த்தால் அத்லா தன்னால் ஆனதைச் செய்தாள் என்று சொல். அவர்கள் கையை என் சார்பில் முத்தமிடு. உன் கண்களுக்கு என் முத்தங்கள்.

உன் அக்கா,
அத்லா

பின்குறிப்பு: மேலே எழுதினது எதையும் நம்பாதே நத்தூம். கடிதத்தை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருக்கும்போது கதவு தட்டினார்கள், எழுந்து ஓடினேன். பொன்பல்லின் காவலன், மீசை நரைத்த ஆள், படியேறி மூச்சு வாங்க நின்றான். "அத்லாக்கா, ஐயா ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னார். உங்க தம்பிக்கு ஷூ என்ன அளவு?" எதற்கு என்றேன். "தெரியாதுக்கா. அளவு மட்டும்தான் கேக்கச் சொன்னார்." நாற்பத்திரண்டு, இடது கால் கொஞ்சம் பெரிசு, எந்த ஷூவும் அங்கே கடிக்கும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். மறந்துவிடாமல் இருக்க "நாப்பத்திரெண்டு, நாப்பத்திரெண்டு" என்று முனகிக்கொண்டே இறங்கிப் போனான். தையல்காரியிடம் துணியை வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாளைக்குக் கூட்டம் இருக்கிறது, காப்பி போட நானே வருகிறேன் என்று லபீப்புக்கும் டெலிபோன் பண்ணிவிட்டேன். பொன்பல் முகத்தைப் பார்க்க வேண்டும், ஆனால் அந்த முகத்தில் எனக்கு எதுவும் படிக்க வராது. அளவு கேட்டது வெறுங்காலோடு குளிரில் கிடக்கிற உனக்குப் போடவா, இல்லை எங்கேயோ தோண்டி எடுத்த ஒரு ஷூவோடு ஒத்துப் பார்க்கவா, நத்தூம்?