மூன்றாம் ஹைன்ரிக்கின் மாமனார்

என் மகள் வாசுகி ஒரு ஜெர்மன் பையனைக் கட்டுவதற்கு நான் சம்மதித்தேன். அவளுடைய கண்ணீருக்கு இரங்கி அல்ல, இல்லாத ஒரு சிம்மாசனத்துக்கு ஆசைப்பட்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளில் நாங்கள் ஆக்லாந்தில், மவுண்ட் ஆல்பர்ட்டில் குடியிருந்தோம். யாழ்ப்பாணத்தில் ஐரோப்பிய வரலாறு படிப்பித்தவன், விரி என்ற புறநகரில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். வாசுகி ஹைன்ரிக் என்பவனைக் கூட்டிவந்து நிறுத்தியபோது எங்கள் ஆட்கள் கேட்பதைத்தான் கேட்டேன்: எந்த ஊர், ஆருடைய ஆக்கள்? கிழக்கு ஜெர்மனியில் ஏதோ ஒரு சின்னப் பட்டணம் என்றான். முடியாது என்றேன். வீட்டில் மாதக்கணக்கில் அழுகை.

பிறகு ஒருநாள் நூலகத்தில், ஒரு கலைக்களஞ்சியத்தில் அந்தப் பட்டணம் கண்ணில் பட்டது. முதலாம் உலகப் போர் முடியும்வரை அது ஒரு குட்டிச் சமஸ்தானத்தின் தலைநகர். ஆண்ட குடும்பத்து ஆண்கள் அத்தனை பேருக்கும் ஒரே பெயர்: ஹைன்ரிக். எண் மட்டும் வேறு. (சாப்பிட எப்படிக் கூப்பிட்டார்களோ!)

அன்று மாலையே பையனை வரவழைத்தேன்.

"உம்முடைய தகப்பனார் பெயர்?"

"ஹைன்ரிக்."

"அவருடைய தகப்பனார்?"

"அவரும் ஹைன்ரிக்தான்."

"அப்ப நீர் மூன்றாவது?"

"ஓம்" என்றான், தனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லில்.

குடும்பப் பெயர் பொருந்தவில்லை. போர் முடிவில் வந்த புரட்சிக்குப் பயந்து மாற்றியிருப்பார்கள் என்று நானே ஒரு விளக்கம் கண்டுபிடித்தேன். சம்மதம் சொன்னேன். மங்கரேயில் இருந்த மச்சாள் பரமேஸிடம் மட்டும் இரகசியமாக விஷயத்தைச் சொன்னேன். (ஆக்லாந்து முழுவதற்கும் அது போதும்.)

கலியாணத்துக்குப் பையனின் தாய் தகப்பன் வந்திறங்கினார்கள். விருந்தில் அந்த மனிதருக்குப் பொன்னாடை போர்த்தாதவர் இல்லை. படம் எடுக்க வரிசை. அவரோ கழுத்தளவு துணிக்குள் நின்று திருதிருவென்று முழித்தார்.

"பிள்ளை, உன்ரை மாமாவிட்டைக் கேள், அரண்மனையை இப்ப ஆர் பாக்கினம் எண்டு" என்றாள் பரமேஸ் வாசுகியிடம்.

"எந்த அரண்மனை, மாமி?"

"கொப்பர்தானே சொன்னவர், ராச குடும்பம் எண்டு!"

கேள்வி வாசுகியிடமிருந்து மாப்பிள்ளைக்கும், அவனிடமிருந்து தகப்பனுக்கும் போனது. தகப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் ட்ராம் ஓட்டுபவர். ராசாவின் பெயரை வைத்தால் பிள்ளைக்கு நல்லது என்று அந்த ஊரில் பாதிப் பேருக்கு ஹைன்ரிக்தானாம்.

வாசுகி சிரிக்கவில்லை. என்னிடம் வந்தாள்.

"அப்பா, ட்ராம் ஓட்டுறவற்றை மகன் எண்டு தெரிஞ்சிருந்தா ஓம் எண்டிருப்பீங்களா?"

ஒரு பொன்னாடையை எடுத்து மடிக்கத் தொடங்கினேன். அதற்குப் பிறகு அவள் தொலைபேசியில் தாயோடு மட்டுமே கதைத்தாள்.

சம்பந்தியிடம் மன்னிப்புக் கேட்டேன். முதுகில் தட்டி, பொன்னாடைகளில் ஒன்றை எனக்குப் போர்த்திவிட்டார். பிறகு வீடு வீடாகப் போய், நான் சொன்னது பொய், அவர்கள் எங்களைப் போல உழைக்கிற ஆட்கள் என்று சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை.

"உண்மையான ராச குடும்பம் அப்பிடித்தான் அத்தான், பெருமை காட்டாதுகள்" என்றாள் பரமேஸ். இன்றைக்கும் கோயில் விழாக்களில் முன்வரிசைக் கதிரை என் மருமகனுக்குத்தான்.

பேரன் பிறந்தபோது பயந்து பயந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு மூலைக் கதிரையில் இருந்தேன். வாசுகி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"நாலாவது ஹைன்ரிக் வாறார். எழும்பி நில்லுங்கோ, அப்பா."

எழுந்தேன். பிள்ளையை என் கையில் தந்துவிட்டுச் சிரித்தாள்.

அவனுக்கு இப்போது தாடி முளைத்துவிட்டது. அவன் வாசலில் கால் வைத்ததும் வீடே என்னைத் திரும்பிப் பார்க்கும். முழங்கால் வலியோடு நான் எழும்பி நிற்பேன்.