தஹியாவின் ஜீப்பில் காற்று இறங்கிய கதை

இந்த ஜன்மத்தில் இனி காரை நகர்த்துவதில்லை என்று திலக்ராஜ் பசீன் முடிவெடுத்து மூன்று வருடம் ஆகிறது.

காரில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு தெருவில். மேற்கு தில்லியில் அவர்கள் குடியிருந்த சந்தில் பழைய வீடுகளையெல்லாம் இடித்து நாலு மாடியாகக் கட்டிவிட்டார்கள். மாடிக்கு ஒரு குடும்பம், குடும்பத்துக்கு இரண்டு வண்டி. சந்து மட்டும் பழைய சந்தாகவே இருந்தது. ஒரு தடவை காசியாபாத்துக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், திலக்ராஜின் இடத்தில் வேறு யாருடைய காரோ நின்றது. சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் தூரத்துச் சாக்கடை ஓரமாக நிறுத்தினார். மறுநாள் போனபோது பக்கக் கண்ணாடி இல்லை, வைப்பர் இல்லை, பின்பக்க விளக்குகள் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள் அவரைப் பார்த்து முழித்தன.

பழைய இடம் காலியானதும் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, அன்று எடுத்த சபதம்தான் அது. தினமும் காலையில் காரைத் துடைப்பார். ஞாயிற்றுக்கிழமை எஞ்சினை ஓடவிட்டு அணைப்பார். ஆபீசுக்கு மெட்ரோவில் போவார்.

அவர் மனைவி சுதேஷ் ஆரம்பத்தில் கேட்டுப் பார்த்தாள்.

"என்னங்க, கர்னால்ல அக்காவைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு! கார்ல ஒரு நடை போயிட்டு வரலாமா?"

"காரை எடுத்தா இடம் போயிடும்."

"அப்ப கார் எதுக்கு?"

"இடத்தைப் பிடிச்சு வைக்க."

"இடம் எதுக்கு?"

"காரை நிறுத்த."

சுதேஷ் அதற்கப்புறம் கேட்கவில்லை. மனைவி ஒரு விஷயத்தைக் கேட்பதை நிறுத்திவிட்டால் கணவன் பயப்பட வேண்டும். திலக்ராஜ் பயப்படக் கூடியவர்தான், ஆனால் அந்தப் பயத்தையெல்லாம் எதிர்வீட்டுக்காரருக்கே செலவழித்துவிட்டார்.

எதிர்வீட்டுக்காரர் ரண்பீர் தஹியா. ரோத்தக் பக்கத்துப் பயில்வான். குஸ்தியில் நசுங்கிய காதுகள் இரண்டும் மிதிபட்ட சமோசா போல இருக்கும். அவர் "நமஸ்தே" சொன்னாலே திலக்ராஜுக்கு மிரட்டுவது போலக் கேட்கும். அந்தத் தஹியாவிடம் லாரிக்குத் தம்பி போல ஒரு கறுப்பு ஜீப் இருந்தது. வண்டி நிறுத்தும் சண்டையில் மண்டை உடைந்த செய்தி பேப்பரில் வராத வாரம் கிடையாது. அவற்றைத் திலக்ராஜ் சுதேஷுக்கு உரக்கப் படித்துக் காட்டுவார். படித்து முடித்ததும் ஜன்னல் வழியாக ஜீப்பை ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

ஒரு ஜனவரி மாதம், ஆபீசில் மின்சாரம் போய் மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திலக்ராஜ் சந்துக்குள் திரும்பினார். கால்கள் அப்படியே நின்றன.

அவருடைய இடத்தில் தஹியாவின் ஜீப் நின்றது. அவருடைய காரைக் காணோம்.

மஃப்ளருக்குள் வியர்த்தது. தூக்கி எறிந்துவிட்டானா? அந்த ஆள் செய்வான். ஒரு கையால் தூக்கியிருப்பான், இன்னொரு கையில் லஸ்ஸி டம்ளர் இருந்திருக்கும்.

கேட்டுவிடுவது என்று தீர்மானித்தார். பொண்டாட்டிக்கு இடம் கொடுத்தாலும் கொடுக்கலாம், கார் இடத்தைக் கொடுப்பதா? தஹியா வீட்டு வாசலுக்குப் போனார். அழைப்பு மணியை நோக்கி விரலை நீட்டினார். உள்ளே தஹியா தும்மினார்.

ஒரே தும்மல்தான். திலக்ராஜ் அடுத்த நொடி தெருவின் இந்தப் பக்கம், ஜீப்பின் பின்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியாது.

உட்கார்ந்த இடத்தில் எதிரே டயர் இருந்தது. சட்டைப் பையில் தீப்பெட்டி இருந்தது. பயந்தவனுக்கும் ரோஷம் வரும், யாரும் பார்க்காதபோது. தீக்குச்சியால் வால்வை அழுத்தினார். புஸ்ஸ்ஸ்... அந்தச் சத்தம் பாராளுமன்றம் வரைக்கும் கேட்டிருக்கும் என்று தோன்றியது. சத்தத்தை மறைக்க இருமினார். இருமல் இன்னும் சத்தமாகக் கேட்டது. அடுத்த டயருக்கும் அதே வைத்தியம். பிறகு ஓடினார். படியேறி, முதல் மாடியில் தன் வீட்டைத் திறந்து, உள்ளே தாழ் போட்டு, ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று நடுங்கினார். சுதேஷ் வீட்டில் இல்லாதது நல்லதாகப் போயிற்று. பஜனைக்குப் போயிருப்பாள்.

அப்போது ஒரு ஹாரன் கேட்டது. பெற்ற பிள்ளையின் அழுகை போல அவருக்குத் தெரிந்த ஹாரன். அவருடைய கார்!

கார் ஒய்யாரமாகச் சந்துக்குள் வந்தது. ஓட்டி வந்தது சுதேஷ். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். பக்கத்தில் தஹியாவின் மனைவி சந்தோஷ், மடியில் கீரைக் கட்டுகளோடு. ஊரில் டிராக்டர் ஓட்டி வளர்ந்தவள் சந்தோஷ்; சுதேஷுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவளாகத்தான் இருக்க வேண்டும்.

தஹியா சாவியோடு வெளியே வந்தார்.

"வாங்க பாபிஜி! கர்னால்ல அக்கா சௌக்கியமா?"

"சௌக்கியம் பாய்சாப். ரோடு காலியா இருந்துச்சு, விரட்டிக்கிட்டு வந்துட்டேன்."

"இருங்க, ஜீப்பை எடுத்துடறேன். உங்க இடத்துல விட்டுடுங்க, வழக்கம்போல."

வழக்கம்போல! திலக்ராஜ் திரையைப் பிடித்துக்கொண்டார். மூன்று வருடமாக அசையாத கார் கர்னால் போய் வந்திருக்கிறது. அதுவும் வழக்கமாக. அவர் உயிரைக் கொடுத்துக் காத்த இடத்தை இவ்வளவு நாளும் காத்தது தஹியா.

ஜீப்பின் அந்தப் பக்கம் போன தஹியா நின்றார். குனிந்தார். நிமிர்ந்தார்.

"எவன்டா அவன்!" என்று கர்ஜித்தார். மின்கம்பியில் இருந்த புறாக்கள் பறந்தன. "கையில மட்டும் கிடைக்கட்டும்! கையை ஒடிச்சு, அதையே ஜாக்கியா வெச்சு டயர் மாத்துவேன்!"

திலக்ராஜின் இரண்டு கைகளும் தாமாகவே கம்பளிக் கோட்டுக்குள் போயின. திரை ஆடியது. கீழே நின்ற சுதேஷ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மெதுவாக மேலே பார்த்தாள்.

அவள் படியேறி வந்தபோது அவர் பஞ்சு ரஜாய்ப் போர்வைக்குள் தலை வரை புதைந்து முனகிக்கொண்டிருந்தார்.

"எப்ப வந்தீங்க?"

"இப்பதான். காய்ச்சல். ஆபீஸ்ல அனுப்பிட்டாங்க."

"இப்பதான்னா எந்த வழியா? வாசல்ல நாங்க மூணு பேரு நிக்கிறோம்."

ரஜாய்க்குள் முனகல் நின்றது.

"சரி, இப்ப இல்லே. கொஞ்சம் முன்னாடி."

"ஜீப் நின்னுச்சா?"

"கவனிக்கலே."

"நம்ம கார் இருந்துச்சா?"

அவர் யோசித்தார். இருந்தது என்றால் பொய், உடனே மாட்டிக்கொள்வார். இல்லை என்றால், அதைப் பார்த்துவிட்டு என்ன செய்தீர்கள் என்று கேட்பாள். கோபப்பட்டுப் பார்த்தார்.

"நீ எப்ப கார் ஓட்டக் கத்துக்கிட்டே? யாரைக் கேட்டுக் காரை எடுத்தே?"

"நான் ஓட்டினதை எங்கேர்ந்து பார்த்தீங்க?"

"ஜன்னல்லேர்ந்து."

"அப்ப காத்தைப் பிடுங்கினவனையும் பார்த்திருப்பீங்களே?"

அவர் சுவர் பக்கமாகத் திரும்பிப் படுத்தார்.

"கையைக் காட்டுங்க."

"குளிருது."

"கையைக் காட்டுங்கன்னேன்."

ரஜாயின் ஓரத்திலிருந்து ஒரு கை வெளியே வந்தது. விரல் நுனியெல்லாம் டயர்க் கறுப்பு. சுதேஷ் தலையில் அடித்துக்கொண்டாள்.

"உங்க இடம் உங்களுக்கே இருக்கணும்னு அந்த மனுஷன் தன் வண்டியைக் கொண்டுவந்து காவலுக்கு நிறுத்தறார். அவர் வண்டியில போய்..."

"சுதேஷ், சொல்லிடாதே. ஒடிச்சிடுவான். எனக்கு ரெண்டு கைதான் இருக்கு."

"நான் எதுக்குச் சொல்றேன்? நீங்களும் நான் கார் எடுக்கறதைப் பத்தி எதுவும் சொல்ல மாட்டீங்க, இல்லே?"

"மாட்டேன்."

"சாவியைத் தேட வைக்க மாட்டீங்க?"

"ஆணியிலேயே தொங்கும்."

அரை மணி கழித்து வாசற்கதவு தடதடத்தது. தஹியா. திலக்ராஜ் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இறங்கப் பார்த்தார். வயிறு இடம் கொடுக்கவில்லை.

தஹியா உள்ளே வந்து நின்றதும் அறையில் வெளிச்சம் குறைந்தது. "பாய்சாப், இந்தச் சந்துல ஒரு திருட்டுப் பய இருக்கான்" என்றார். "ரெண்டு டயரும் போச்சு. பங்க்சர்க்காரனைக் கூப்பிட்டுக் காத்தடிச்சாச்சு. ஆனா அவன் திரும்பி வருவான். நீங்க யாரையாச்சும் பார்த்தீங்களா?"

திலக்ராஜ் ரஜாயை மூக்கு வரை இழுத்துக்கொண்டார். சுதேஷ் பதில் சொன்னாள்.

"பாவம், இவருக்கு அதைக் கேட்டதும் காய்ச்சலே வந்துடுச்சு பாய்சாப். அவ்வளவு கோபம். இனிமே நான் கார் எடுக்கறப்பல்லாம் உங்க ஜீப்புக்கு இவரே காவல் உட்கார்றேன்னுட்டார். நான் வேண்டாம்னேன், கேட்கலை."

தஹியாவின் கண்கள் கலங்கின. திலக்ராஜை ரஜாயோடு சேர்த்துத் தூக்கி அணைத்தார். எங்கோ ஒரு எலும்பு சத்தம் போட்டது.

"அண்ணன் மாதிரி பாய்சாப் நீங்க! உங்களைப் போய் நான் பயந்த சுபாவம்னு நெனச்சேன்."

வந்த ஞாயிற்றுக்கிழமை சுதேஷும் சந்தோஷும் காரில் ஏறிக்கொண்டு நிஜாமுதீன் பக்கம் பூந்தோட்டம் பார்க்கக் கிளம்பினார்கள். இடத்தில் ஜீப் வந்து நின்றது. ஜீப்பின் பக்கத்தில், பனிமூட்டத்தில், முக்காலி போட்டுத் திலக்ராஜ் உட்கார்ந்தார். மடியில் தஹியா கொடுத்த தடி. ஒவ்வொரு தடவை எதிர்வீட்டுக் கதவு திறக்கும்போதும் அவர் கைகளை அக்குளுக்குள் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் தஹியா இரண்டு டம்ளர் டீயோடு வந்து, ஜீப்பைச் சுற்றி நாலு டயரையும் உதைத்துப் பார்த்தார். எல்லாம் கல் மாதிரி இருந்தன. திருப்தியோடு திலக்ராஜின் தோளில் ஒரு அடி வைத்தார்.

"பார்த்தீங்களா பாய்சாப்? நீங்க உட்கார்ந்ததும் அந்தப் பய எட்டிக்கூடப் பார்க்கலை. பயந்துட்டான் போல."

"ஆமாம்" என்றார் திலக்ராஜ், டீயைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு. "ரொம்பப் பயந்துட்டான்."