மழைநீர்க் குழாய்க்காக மூவர் பொருத பெரும்போர்

வாழிய சொர்ணலதா! வராகநதி பாய்ந்து நெல்விளையும் ஜெயமங்கலத்துத் தோன்றிய செல்வி, முடி உதிர்ந்த தூரிகையையும் மூடி தொலைந்த வண்ணப் புட்டியையும் படைக்கலமாய்த் தாங்கிய தோளினள், பேருந்தின் ஜன்னலோர இருக்கையை எவர் கேட்பினும் ஈயாத நெஞ்சுரத்தினள், காட்சித் தொடர்பியல் மூன்றாமாண்டின் கடைசி வரிசை விசிப்பலகையை அரியணையென ஆண்டவள், வாழிய! அவள் சீற்றம் வாழிய! அவள் தும்பை சூடிப் பொருத பெரும்போரை யாம் சொல்லத் துணிந்தனம். மேகமலை முகட்டில் மேயும் முகில்காள், கம்பம் சாலையில் காற்றெனப் பறக்கும் தனியார் பேருந்துகாள், ஒலிப்பானைச் சற்றே அடக்கி இதனைக் கேட்டருளுங்கள்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டின் ஐப்பசி மாதம் அது. வீடும் கடையும் கோயிலும் பள்ளியும், கூரையுடைய கட்டடம் யாவும், மழைநீரைச் சேமித்தே தீரவேண்டும் என்று அரசாணை பிறந்து, நாடெங்கும் குழாய் விற்போர் முகம் மலர்ந்திருந்த காலம். சின்னமனூருக்குச் சற்று இப்பால், வாழைத்தோப்புகளின் நடுவே நின்ற ஒரு கல்லூரியும் அவ்வாணைக்குத் தலைவணங்கிற்று. சாலையைப் பார்த்து நின்ற கேன்டீன் சுவரின் நட்டநடுவே, மொட்டைமாடியிலிருந்து இறங்கியது ஒரு சாம்பல்நிறக் குழாய். நீரைச் சேமிக்கும் குழியை மட்டும் இன்னும் எவரும் தோண்டவில்லை. ஆதலின் அக்குழாய் இடுப்புயரம் வரை வந்து, முழங்கையென மடங்கி, வாயைத் திறந்தபடி வெளியை நோக்கி வாளா நின்றது. அந்தோ, அவ்வாய்தான் எத்தனை வாய்ச்சண்டைக்கு வித்திட்டது!

ஓவியப் பேராசிரியர் தமிழ்மாறன், குறுந்தாடியினர், தோளில் ஜோல்னாப்பை தொங்க நடப்பவர், அச்சுவர்முன் நின்று இறுதியாண்டினர் மூவர்க்கு ஆணை பிறப்பித்தார்.

"இதுதான் ஒங்க மூணு பேரோட கூட்டுப் படைப்பு. ஒரே சுவர், ஒரே படம். மொதல்ல திட்டம் வேணும். வெள்ளிக்கிழம நம்ம கல்லூரி முதல்வர் வந்து பாப்பாக. அன்னிக்கும் சண்டை போட்டுக்கிட்டு நின்னீகன்னா, சுவரத் தூக்கி ரெண்டாம் வருசத்துக்குக் குடுத்துருவேன்."

ரெண்டாம் வருசம்! அச்சொல் கேட்டு மூவர் நெஞ்சும் பறையென அதிர்ந்தன. அவ்விரண்டாம் ஆண்டுப் படைக்குத் தலைவி கிருபாவதி. 'மரம் வளர்ப்போம்' என்னும் வாசகத்தை அட்டையில் வெட்டி, பச்சை வண்ண டப்பா ஒன்றையும் வாங்கி வைத்து, இரைமேல் பாயக் காத்திருக்கும் பருந்தென மாடிப்படியில் அமர்ந்திருப்பவள். சாலையில் செல்லும் பேருந்தெல்லாம் காண நிற்கும் சுவர் அது. அதனை அவளிடம் இழந்தால், மூன்றாண்டு கற்றதன் அடையாளமாய் மூவர்க்கும் எஞ்சுவது கைவிரலில் ஒட்டிய வண்ணம் ஒன்றே.

மூவர் என்றோம். சொர்ணலதாவை அறிவீர். ஏனை இருவரையும் அறிமின்!

ஒருவன் ஆரோக்கிய பிரபு. இராயப்பன்பட்டித் திராட்சைப் பந்தலின்கீழ் பிறந்தவன், பன்னீர்த் திராட்சையின் கறை ஆறுதிங்களும் நீங்காத விரலினன். அவன் குழாயை உற்று நோக்கினான். மெய் சிலிர்த்தான். கைகளை விரித்து முழங்கினான்:

"இது கொடித்தண்டு! இங்கன இருந்து ரெண்டு பக்கமும் கொடி ஓடுது, சுவர் பூராவும் கொத்துக்கொத்தா பழம் தொங்குது. இது குழாயே இல்லப்பா, கர்த்தரே நட்டு வச்ச தண்டு!"

மற்றவன் மொக்கைச்சாமி. சின்னமனூர் வாழைமண்டி வணிகரின் மைந்தன், மெல்லப் பேசி மெல்ல நடந்து மிக மெல்லச் சிந்திப்பவன், ஆயின் சிந்தித்ததை விடாப்பிடியாய்ப் பற்றுபவன். குழாயை அவன் ஒருமுறை தடவிப் பார்த்தான். பின் தீர்ப்பு வழங்கினான்:

"வழுவழுன்னு இருக்கு. உருண்டையா இருக்கு. கெளையே இல்ல. இது வாழமரம்."

அப்போது எழுந்தாள் சொர்ணலதா. மலையுச்சியில் இடி விழுந்தாற்போல் ஒரே சொல் உரைத்தாள்:

"தும்பிக்கை."

அச்சொல்லின் பின்னே ஓர் ஆறாப்புண் இருந்தது. முதலாண்டில் வகுப்பினர் யாவரும் மேகமலைக்குச் சுற்றுலா சென்றபோது, தேயிலைத் தோட்டத்திற்கு அப்பால் பனிமூட்டத்தில் ஒரு யானை நிற்கக் கண்டாள் அவள். "யானை! யானை!" என்று கூவினாள். யாவரும் திரும்பிய கணத்தில் பனி மூடிக்கொண்டது. "ஏத்தா, அது பாறை" என்றான் பிரபு. "பெரிய பாறை" என்று வழிமொழிந்தான் மொக்கைச்சாமி. அன்றுதொட்டு, வழியில் கல்லொன்று கிடந்தாலும் "சொர்ணா, அங்கன பாரு, யானைக்குட்டி" என்று நகைப்பது அவ்விருவர்க்கும் வழக்கமாயிற்று. அவளும் உடன் நகைத்தாள். ஆயினும் கண்டது யானையே என்பதை அவள் உள்ளம் ஒருநாளும் மறந்ததில்லை. இன்று, ஊரறிய உலகறிய, கம்பம் சாலையறிய அவ்வேழத்தை நிறுத்திக் காட்ட வேளை வந்தது. அதன் துதிக்கையைக் கொடியென்றும் வாழையென்றும் சொல்வோரை அவள் விடுவாளோ?

மூண்டது போர்.

கேன்டீன் மேசைமேல் விரிக்கப்பட்ட வெள்ளைச் சார்ட் தாள் போர்க்களமாயிற்று. சொர்ணலதா வரைந்த துதிக்கையைப் பிரபு அழித்துக் கொடியாக்கினான். கொடியை மொக்கைச்சாமி அழித்து வாழையாக்கினான். வாழையை அவள் அழித்தாள். அழிப்பான் தேய்ந்து மிளகளவாயிற்று. தாளின் நடுவே குழாய் நிற்கவேண்டிய இடம் நைந்து, கிழிந்து, மேசை தெரியும் பெருந்துளையாயிற்று. அத்துளை வழியே மூவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டனர்.

போர் சோற்றுக்கும் பரவிற்று, கொடிது! கொடிது! மூன்றாண்டு காலம் மூன்று தூக்குச்சட்டிகளையும் நடுவே வைத்துக் கூடியுண்ட மூவர் மூன்று திசை நோக்கி அமர்ந்தனர். பிரபு தன் கருவாட்டுக் குழம்பை மூடியால் மறைத்து உண்டான். கருவாட்டு மணம் காற்றில் வந்து மொக்கைச்சாமியைத் தாக்க, அவன் கண்ணில் நீர் துளிர்த்தது. ஆயினும் வாழையை அவன் விட்டுக்கொடுத்தானில்லை. குழம்பின்றி வருந்திய அவ்வீரன் மறுநாள் பகைவர் பாசறை புகுந்து, கிருபாவதி ஈந்த நார்த்தங்காய் ஊறுகாயை உண்டான் என்னும் செய்தி பரவியபோது, "துரோகி!" என்று பிரபுவும் சொர்ணலதாவும் ஒரே குரலில் கூவினர். கூவிய பின்னரே தாம் இருவரும் பேசாமலிருப்பது நினைவுக்கு வர, வெட்கி முகம் திருப்பிக்கொண்டனர்.

வெள்ளியும் புலர்ந்தது. தாள் இல்லை, திட்டம் இல்லை. மேற்கு மலைகளின்மேல் கருமுகில் திரண்டு வந்தது. இனித் தாளால் ஆவதில்லை எனத் தெளிந்த மூவரும் சாக்கட்டிகளை ஏந்திச் சுவரையே முற்றுகையிட்டனர். ஒரே குழாயின்மேல் மூன்று போரும் ஒருங்கே நிகழ்ந்தன. வலப்புறத்தில் யானை எழ, இடப்புறத்தில் வாழையிலை விரிய, இரண்டின் தலைமேலும் திராட்சைக் கொடி படர்ந்தது. முழங்கை முழங்கையோடு மோதிற்று. சாக்கட்டிப் பொடி வெண்புகையென எழுந்து மூவர் தலையையும் நரைக்கச் செய்தது. அம்பு தீர்ந்த வீரர் கல்லெடுப்பதுபோல், சாக்கட்டி தீர்ந்தபின் சொல்லெடுத்தனர்.

"எருமைக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிய காது?" என்றான் பிரபு.

"ஒன் திராட்சை எல்லாம் வவ்வாலு மாதிரி தொங்குது. அத மொதல்ல பாரு" என்றாள் சொர்ணலதா.

"வாழைத்தாரு எப்படி இருக்கு?" என்று இடையில் புகுந்து வினவினான் மொக்கைச்சாமி, புகழுரையை எதிர்நோக்கியவனாய்.

"கையொறை காயப் போட்ட மாதிரி இருக்கு" என்றனர் இருவரும்.

அவ்வேளை, கேன்டீன் மூலையைத் திரும்பி வந்தார் முதல்வர். அன்று சலவையிலிருந்து வந்த வெண்ணிறக் காற்சட்டை அவர் அணிந்திருந்தது. பின்னே தமிழ்மாறன் வந்தார். அவர்க்கும் பின்னே, பச்சை டப்பாவை மார்போடு அணைத்தபடி கிருபாவதி வந்தாள். கொட்டிய முரசு கட்டவிழ்ந்து வீழ்ந்தாற்போல் ஓசையெல்லாம் அடங்கிற்று. முதல்வர் சுவரை நோக்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் நோக்கினார்.

"என்னய்யா இது, எருமையா?"

சொர்ணலதாவின் முகம் வாடிற்று. பனிமூடிய மலைச்சரிவில் மீண்டும் தனியே நின்றாற்போல் இருந்தது அவளுக்கு. கிருபாவதி டப்பாவின் மூடியை நெம்பத் தொடங்கினாள்.

அப்போது, கேளுங்கள், உலகத்தீர்! பகைவன் பேசினான். ஆரோக்கிய பிரபு ஓரடி முன்வந்து, சாக்கட்டிப் பொடி படிந்த முகத்தை நிமிர்த்தி உரைத்தான்:

"யானை சார். மேகமலையில பாத்த யானை. நானும் பாத்தேன்."

"நாந்தான் மொதல்ல பாத்தேன்" என்றான் மொக்கைச்சாமி.

இருவரும் கண்டதில்லை, பாறையைக்கூடச் சரியாய்க் கண்டதில்லை. ஆயினும் அம்மாபெரும் பொய் அவள் செவியில் தேனெனப் பாய்ந்தது. மூன்றாண்டுப் புண் ஒரு நொடியில் ஆறிற்று. கண் கலங்க, மூக்கை உறிஞ்சி, அவளும் ஆணையிட்டாள்:

"யானை ஓரமா நிக்கட்டும் சார். குழாயி பிரபுவோட கொடிக்குத்தான்."

"எனக்கு வேணாம், நீயே வச்சுக்க" என்றான் பிரபு.

"ஏலே, கொடின்னு சொன்னியேடா!"

"சொன்னேன். இப்ப தும்பிக்கைங்கேன். இல்லாட்டி மொக்கைக்குக் குடு."

"எனக்கு எதுக்கு? நான் ஊறுகாய் வேற தின்னுட்டேன்" என்று தலைகுனிந்தான் மொக்கைச்சாமி.

என்னே விந்தை! பெறுவதற்காக மூண்ட போரினும் கொடுப்பதற்காக மூண்ட போர் கொடிதாயிற்று. "நீ எடு", "நீ எடு" என்று மூவரும் குழாயை ஒருவர்மேல் ஒருவர் தள்ளினர். பெற்றுக்கொள்ள மறுத்தமைக்காகச் சொர்ணலதா பிரபுவின் தோளில் அறைந்தாள். முதல்வர் ஈதொன்றும் விளங்காதவராய், வழக்கைத் தீர்க்கக் குழாயின் வாயருகே சென்று நின்றார்.

வானம் பிளந்தது. மேகமலையும் மேற்கு மலையும் ஒருங்கே அனுப்பிய பெருமழை மொட்டைமாடியில் விழுந்து, ஓராண்டுத் தூசையும் காகம் விட்டுச்சென்ற யாவற்றையும் திரட்டிக்கொண்டு குழாயில் இறங்கி, முழங்கையில் திரும்பி, பிளிறிப் புறப்பட்டு, வெண்ணிறக் காற்சட்டையின் முழங்காலில் பாய்ந்தது.

"யானை!" என்று அலறினார் தமிழ்மாறன், தம்மை மறந்து.

சுவரில் சாக்கட்டிக் கோடுகள் கரைந்து வழிந்தன. எருமையும் போயிற்று, வவ்வாலும் போயிற்று, கையுறையும் போயிற்று. மழைத்திரைக்குள் எஞ்சி நின்றது நீர் பீய்ச்சும் துதிக்கை ஒன்றே. கேன்டீன் தாழ்வாரத்திற்கு ஓடி ஒதுங்கிய முதல்வர், காற்சட்டையைப் பிழிந்தவாறே இறுதித் தீர்ப்பு உரைத்தார்:

"என்னத்தையும் வரஞ்சு தொலைங்க. ஆனா அந்தக் குழாயில மட்டும் ஒரு சொட்டு பெயின்ட் படக்கூடாது. ஆய்வுக்கு ஆபீசர் வாராக. புதுக் குழாயின்னு தெரியணும்."

மூவரும் திகைத்தனர். பச்சை பூசாமல் கொடித்தண்டு ஏது? பச்சை பூசாமல் வாழை ஏது? போரும் வீண், ஈகையும் வீண் என்று சோர்ந்து நின்ற அவ்வேளையில், மொக்கைச்சாமியின் நெற்றி சுருங்கிற்று. உள்ளே ஏதோ ஒன்று, பாரம் ஏற்றிய மாட்டுவண்டி மேடேறுவதுபோல், மெல்ல மெல்ல மேலேறி வந்தது.

"ஏலே," என்றான். "அது இப்பமே யானை நெறந்தானடா."

மூவரும் நோக்கினர். தமிழ்மாறனும் நோக்கினார். கிருபாவதியும் நோக்கி, நெம்பிய மூடியைத் திரும்ப அழுத்தினாள். ஆம், சாம்பல்நிறம்! கடையில் வாங்கிய நாள்தொட்டே அது துதிக்கையாகவே இருந்தது! பூச வேண்டியதொன்றும் இல்லை. பின்னே ஒரு யானையை நிறுத்தினால் போதும். அதன் முதுகின்மேல் திராட்சைப் பந்தல் படரட்டும், அதன் வாய்க்கு எட்டும் தொலைவில் வாழை தார் தள்ளட்டும் என்று, தாழ்வாரத்தில் கிடந்த பரோட்டா மாவுச் சாக்கின் மறுபுறத்தில் திட்டம் தீட்டினர். மூவரும் ஒருவர்க்கொருவர் முதுகு கொடுத்து, அதன்மேல் சாக்கை வைத்துக் கையெழுத்திட்டனர். தமிழ்மாறன் மகிழ்ந்து அதனைத் தம் ஜோல்னாப்பையில் திணித்தார்.

வென்றாள் சொர்ணலதா! தோற்றவர் எவருமிலர்! தலையிலிருந்து சாக்கட்டிக் கரைசல் வெண்ணருவியென வழிய, இருபுறமும் இரு தோழர் புடைசூழ, வானமே முரசறைய, மின்னலே ஆலத்தி எடுக்க, வாகைசூடிய அம்மறக்குல மங்கை கேன்டீனுள் புகுந்து, ஈரவிசிப்பலகையில் நடுநாயகமாய் வீற்றிருந்து, தன் வெற்றித்திருநாளின் முதற்பானத்தைக் கொணர்க என்று கையுயர்த்தினாள். ஆவி பறக்கும் மூன்று கண்ணாடிக் குவளைகள் வந்தன. மூவரும் அவற்றை ஒருங்கே உயர்த்தி ஒருங்கே பருகினர்.

டீயில் சர்க்கரை கம்மியாக இருந்தது.