வார்டில் அழ இடமில்லை

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதும் கடிதம். அத்தான், பிள்ளைகள், உன் முதுகுவலி எல்லாரும் சுகமா? என் சுகத்தைப் பற்றிக் கேட்காதே. ஆஸ்பத்திரி நர்ஸ் சுகமில்லை என்று சொன்னால் ஊரே சிரிக்கும்.

எங்கள் ஆஸ்பத்திரியை மேம்படுத்துகிறார்கள், அக்கா. ஒரு தடவை மேம்படுத்திவிட்டு விட்டிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்போம். இது தொடர் மேம்பாடாம், நிற்கவே நிற்காதாம். இதற்கென்று வந்தவர் கழுத்தில் கடிகாரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு நாங்கள் நடப்பது, குனிவது, கொட்டாவி விடுவது எல்லாவற்றையும் அளக்கிறார். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் நிமிஷம் சார். முதலில் நாற்காலிகள் போயின. பிறகு பேச்சு போயிற்று. நோயாளியிடம் ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்பது வீண் நேரமாம், தட்டைப் பார்த்தாலே தெரியுமாம். கடைசியில் துணி அறையில் கை வைத்தார். படுக்கை விரிப்புகள் அடுக்கும் சின்ன அறை அது. வார்டில் யாராவது இறந்தால் நாங்கள் அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு தலையணை உறையில் முகத்தைப் புதைத்து அழுதுவிட்டு, அடுத்தவருக்கு ஊசி போட வெளியே வருவோம். அதைக் காலி செய்துவிட்டு, இனி விரிப்பெல்லாம் தள்ளுவண்டியில் நேராக வரும், தேடும் நேரம் மிச்சம் என்று எங்களைக் கைதட்டச் சொன்னார்கள். தட்டினோம்.

போன வாரம் ஜன்னலோரக் கட்டில் தையல்காரர் போய்விட்டார். என் சீருடையின் தோள்பட்டை சரியில்லை என்று தினமும் சண்டை போடுவார். அன்று காலைகூட, “சிஸ்டர், ஊசிநூல் கொண்டாங்க, நானே பிடிச்சு விடுறேன்” என்றார். “இப்ப நேரமில்லைங்க” என்று நகர்ந்துவிட்டேன். திரும்பி வந்தபோது டாக்டர் போர்வையை இழுத்து அவர் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

கால் தானாகத் துணி அறைக்கு ஓடியது. காலி செய்த அறைக்குள் ஏதோ மீட்டிங் நடக்கிறது. கழிவறையில் வரிசை. மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டேன். நிமிஷம் சார் வந்து நின்றார்.

“இங்க ஏன் உக்காந்திருக்கீங்க?”

“அழறேன் சார்.”

“ஏன்?”

“தையல்காரர் செத்துட்டார்.”

“அதுக்கு நீங்க ஏன் அழணும்?”

“அவருக்குன்னு வேற யாருமில்ல சார்.”

“சரி, படியில ஏன்?”

“வேற எடம் இல்ல.”

“ஏன் இல்ல?”

“நீங்க எடுத்துட்டீங்க சார்.”

ஐந்து தடவை ‘ஏன்’ கேட்டால் எந்தக் கோளாறுக்கும் மூலகாரணம் கிடைக்கும் என்று எங்களுக்கு வகுப்பெடுத்தவரே அவர்தான். கிடைத்துவிட்டது. கடிகாரத்தை நிறுத்தினார். மனிதர் மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன், அக்கா.

மறுநாள் அந்தப் படித் திருப்பத்தில் மஞ்சள் பெயின்ட்டில் கட்டம் போட்டிருந்தார்கள். ‘ஊழியர் துயர் ஆற்றும் இடம். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும்.’ நேற்று என் தோழி கட்டத்துக்குள் விம்மிக்கொண்டிருக்க, ஆயா கோட்டுக்கு வெளியே கண்ணைத் துடைத்தபடி, “சீக்கிரம் முடிம்மா, எனக்கு வேலை கெடக்கு” என்கிறாள்.

என்னால் இனி முடியாது. ராஜினாமா எழுதிப் பையில் வைத்துவிட்டேன். உன் வீட்டுக்கு வருகிறேன். சாத்திக்கொள்ளக் கதவுள்ள ஓர் அறை கொடு, போதும்.

பிள்ளைகளுக்கு முத்தம், அத்தானுக்கு வணக்கம். உன் முதுகு சீக்கிரம் நிமிரட்டும்.

உன் தங்கை

பி.கு.: ராஜினாமா கொடுக்கப் போனேன். பெரிய டாக்டர் அறையில் எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். அந்தக் கட்டம் என் யோசனை என்று பதிவாகியிருக்கிறதாம். இந்த மாதத்தின் சிறந்த ஊழியர் நானாம். போட்டோ பிடித்தார்கள், இத்துடன் வைத்திருக்கிறேன். கண் வீங்கியிருந்தாலும் முகம் நன்றாகவே விழுந்திருக்கிறது. அம்மாவிடம் காட்டு. நான் வருவதை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.