முசியே ஸ்ரீயும் கோழித் தண்ணியும்

ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு சுவிஸில் லா ஷோ-து-ஃபோனுக்கு வந்து இத்தனை வருஷமாகியும் பிரெஞ்சு பிடிபடவில்லை. ஆனால் ஒரு வசனத்தை மட்டும் அட்சரம் பிசகாமல் சொல்லுவார். "பா த ப்ரோப்ளெம்." பிரச்சினை இல்லை என்று அர்த்தம். அவருடைய வாழ்க்கையில் வந்த பிரச்சினைகளில் பாதி அந்த வசனத்தால் வந்தவை.

அவரும் மனைவி தில்லைநாயகியும் குடியிருந்தது ஊரின் கடைசி வீட்டில், மாடியில். கீழே வீட்டுக்காரி மதாம் ஜானரே. அவருக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ஏழு பேட்டுக்கோழியும் ஒரு சேவலும் இருந்தன. மதாமுக்கு அந்த மார்கழியில் முழங்காலில் ஒப்பரேஷன். அது முடிய, வாசலில் படிகள் இல்லாத வீடாகப் பார்த்து, நொஷாட்டலில் வாவிக்கரையில் இருக்கும் தங்கச்சியிடம் போய்க் குளிர்காலத்தைக் கழிப்பதாக ஏற்பாடு.

போகிற நாளில் மதாம் கோழிக்கூட்டு வாசலில் பொல்லை ஊன்றிக்கொண்டு நீளமாக ஏதோ விளங்கப்படுத்தினார். ஸ்ரீஸ்கந்தராஜாவுக்குக் கோழி விளங்கியது, தண்ணி விளங்கியது. பிறகு மதாம் கழுத்தைச் சரித்து, கண்ணை மூடி, நாக்கை வெளியே விட்டுக் காட்டினார். அது எல்லாப் பாஷையிலும் விளங்கக்கூடியது.

ஸ்ரீஸ்கந்தராஜா தன் நெஞ்சில் கையை வைத்தார். "பா த ப்ரோப்ளெம், மதாம்."

"மெர்சி, முசியே ஸ்ரீ," என்றார் மதாம். முழுப் பேரையும் சொல்ல அவருடைய மூச்சு காணாது.

கார் போனதும் தில்லைநாயகி கேட்டாள். "என்னவாம்?"

"கோழியளை எங்களை நம்பி விட்டிட்டுப் போறா. முட்டை முழுக்க எங்களுக்குத்தான். தண்ணி மட்டும் உறையப்படாதாம். உறைஞ்சா கோழி தண்ணி குடியாமல் செத்துப்போமாம்."

"இந்தக் குளிருக்கை மனுசற்றை மூக்கே உறையுது."

"அதுக்குத்தான் மூளை எண்டு ஒண்டு இருக்கு."

"அது உறையேல்லையோ?"

அவள் சுகம் விசாரிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, இல்லை என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா.

தில்லைநாயகியின் யோசனை சின்னது. கேத்தலில் தண்ணியைச் சுடவைத்துக் காலமையும் மத்தியானமும் பின்னேரமும் கொண்டுபோய் ஊற்றினால் காணும். ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு அது மானப்பிரச்சினையாகப் பட்டது. அவர் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். மணிக்கூட்டின் வெளிக்கூட்டை மினுக்குவதுதான் வேலை, உள்ளே என்ன ஓடுகிறது என்று அவர் கண்டதில்லை. ஆனாலும் அந்தக் கட்டடத்துக்குள் மூச்சுவிடுகிறவனுக்கு யந்திர அறிவு தானாக ஏறும் என்பது அவருடைய நம்பிக்கை.

"மணிக்கூடு செய்யிற ஊரில இருந்துகொண்டு கேத்தலோட ஓடித்திரியிறதோ? கண்டவன் சிரிப்பான்."

"கோழி சிரியாது."

"நீ பேசாமல் இரு. இது ரெக்னிக்கல் விஷயம்."

தில்லைநாயகியின் மனதில் வேறொரு விஷயம் கிடந்தது. ஊருக்குள் ஒரு தேவாலய மண்டபத்தில் பின்னேரங்களில் பிரெஞ்சு வகுப்பு நடந்தது. புதிதாக வந்தவர்கள் எல்லாரும் போனார்கள். அவளுக்கும் போக ஆசை. கடையில் உப்புக் கேட்டுச் சீனி வாங்கிக்கொண்டு வந்து அலுத்துப்போயிருந்தாள்.

"இஞ்சேருங்கோ, நான் அந்த வகுப்புக்குப் போகட்டோ?"

"நீ போனா கோழியை ஆர் பாக்கிறது?"

"கோழி இண்டைக்குத்தானே வந்தது. போன மாசமும் நீங்கள் விடேல்லையே."

"போன மாசம் எனக்கு இப்பிடி ஒண்டு வரும் எண்டு மனசில பட்டது."

அத்தோடு அந்தக் கதை முடிந்தது என்று அவர் நினைத்தார்.

முதல் திட்டம் உப்பு. கடல் உறைவதில்லை, கடலில் உப்பு இருக்கிறது, ஆகவே கோழித் தண்ணியில் உப்புப் போட்டால் உறையாது. ஸ்ரீஸ்கந்தராஜா கை நிறைய அள்ளிப் போட்டார். தண்ணி உறையவில்லை. கோழி குடிக்கவும் இல்லை. சேவல் ஒரு வாய் வைத்துவிட்டு, தலையை உதறி, அவரை ஒரு பார்வை பார்த்தது. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லியிருக்கிறார்கள். சேவல் அன்றிலிருந்து நினைத்துக்கொண்டே இருந்தது. அவரைக் காணும்போதெல்லாம் கால்சட்டையில் கொத்தியது. ஏழு பேடுகளும் கூட்டுக்குள் முட்டை போடவில்லை, அவருடைய திட்டத்துக்குத்தான் முட்டை போட்டன.

"கோழிக்குக் கருவாட்டுத் தண்ணி வைச்சனீங்களோ?" என்று கேட்டுவிட்டு, தில்லைநாயகி பாத்திரத்தைக் கழுவி நல்ல தண்ணி வைத்தாள்.

இரண்டாவது திட்டம் சுடுதண்ணிப் பை. கட்டிலில் கால்மாட்டில் வைக்கிற சிவப்பு றப்பர்ப் பை ஒன்று அவர்களிடம் இருந்தது. அதை நிரப்பி, கூட்டுக்குள் வைத்து, அதன்மேல் தண்ணிப் பாத்திரத்தை வைத்தார். தன் காலின் சூட்டைத் தியாகம் செய்கிறோம் என்ற பெருமை அவருக்கு. தில்லைநாயகியின் காலையும் சேர்த்துத்தான் தியாகம் செய்கிறோம் என்று அவர் யோசிக்கவில்லை.

மறுநாள் பார்த்தால் பாத்திரம் கவிழ்ந்து கிடக்கிறது. தண்ணி பலகையில் கண்ணாடியாக உறைந்திருக்கிறது. மதாமின் செல்லப் பேடு, மார்கரித் என்கிற வெள்ளைத் தடிச்சி, செட்டையை விரித்துக்கொண்டு சுடுதண்ணிப் பையின் மேல் அடைகிடக்கிறாள்.

"எழும்பு," என்றார் அவர்.

மார்கரித் எழும்பவில்லை. பையை இழுத்தார். அவள் கையில் கொத்தினாள். சேவல் பின்னால் வந்து காலில் கொத்தியது.

"விடுங்கோப்பா. தாய்மனம்," என்றாள் தில்லைநாயகி வாசலில் நின்றுகொண்டு.

"அது றப்பர்."

"அவளுக்குத் தெரியாதே."

பை ஆறியது. ஆறிய பிறகும் மார்கரித் மனம் ஆறவில்லை. அந்தக் கிழமை முழுக்க அவள் அந்தப் பையை விட்டு இறங்கவில்லை. வீட்டில் இரண்டு சோடிக் கால்கள் குளிரில் விறைத்தன.

தொழிற்சாலையில் அவருக்குப் பக்கத்து மேசை தம்பித்துரை. வயதில் மூத்தவர், எதையும் பாரமாக எடுக்கிறவர். ஸ்ரீஸ்கந்தராஜா சோர்ந்துபோய் இருந்ததைக் கண்டு என்ன என்று கேட்டார்.

"என்னத்தைச் சொல்ல, அண்ணை. வீட்டில தண்ணியாலதான் பிரச்சினை."

தம்பித்துரை மினுக்கிக்கொண்டிருந்ததை வைத்துவிட்டுக் கதிரையைக் கிட்ட இழுத்தார். "கனநாளாவோ?"

"மதாம் போன நாளிலயிருந்து."

"மனுசி பேசுறவவோ?"

"பேசாமல்? நான் என்ன செய்தாலும் நிக்குதில்லை, அண்ணை. முதல்ல உப்பெல்லாம் போட்டுப் பாத்தன்."

"உப்புப் போட்டோ குடிக்கிறாய்?" தம்பித்துரையின் கண் கலங்கிவிட்டது. "விட்டிடு, தம்பி. என்ர பெரிய மாமனும் அதாலதான் போனவர்."

ஸ்ரீஸ்கந்தராஜா கோழியைப் பற்றித்தான் கதைக்கிறார் என்று விளங்க மத்தியானமாகிவிட்டது. விளங்கிய பிறகு தம்பித்துரைக்கும் ஆர்வம் பற்றிக்கொண்டது. இருவரும் மேசையில் விரலால் கோடு கீறிக் கீறி மூன்றாவது திட்டத்தைப் பெற்றெடுத்தார்கள்.

ஒரு வெறும் பிஸ்கற் ரின். பக்கத்தில் ஆணியால் குத்திய ஓட்டைகள். உள்ளே ஒரு மின்பல்பு. மேலே தண்ணிப் பாத்திரம். பல்பின் சூட்டில் ரின் சுடும், ரின்னின் சூட்டில் தண்ணி சுடும். சமையலறை ஜன்னலால் வயர் இறங்கி முற்றத்தைத் தாண்டிக் கூட்டுக்குள் போனது. வயர் கிடந்ததால் ஜன்னலைப் பூட்ட முடியவில்லை. கோழிக்குப் போன சூடும் தில்லைநாயகிக்கு வந்த குளிரும் ஒரே வழியால் போய்வந்தன. அவள் கோட்டைப் போட்டுக்கொண்டு புட்டவித்தாள்.

"இது பிழைக்காது," என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா. "ஒரு கிழமை பார். பந்தயம்."

"உறைஞ்சா?"

"உறைஞ்சா உன்ர கேத்தலைத் தூக்கிக்கொண்டு நீ நட. நான் வாய் திறக்கமாட்டன்."

"உறையாட்டி?"

"உறையாட்டி நான் வெண்டன்."

"வெண்டா என்ன?"

வெல்லுகிறதற்கு அப்பால் அவர் யோசித்திருக்கவில்லை. கழுத்தை நிமிர்த்திச் சொன்னார். "கோழி விஷயம் முழுக்க என்ர பொறுப்பு. ஒருதரும் அதுக்கை தலையிடப்படாது."

தில்லைநாயகி அடுப்பிலிருந்து திரும்பி அவரை ஒருதரம் வடிவாகப் பார்த்தாள். "முழுக்கவோ?"

"முழுக்க."

"பேந்து சொல்லு மாறப்படாது."

"ராஜா எண்டு பேரிலயே கிடக்கு. ராஜா சொல்லு மாறுவானோ?"

அந்தக் கிழமைதான் அந்த வருஷத்தில் ஆகக் கொடுங்குளிர். தெருவில் கார்கள் கிளம்ப மறுத்தன. அவருடைய மீசையில் பனி பூத்தது. ஆனால் கோழித் தண்ணி உறையவில்லை. காலமை வேலைக்கு இறங்க முதல் தில்லைநாயகிதான் நினைவுபடுத்துவாள். "இஞ்சேருங்கோ, தண்ணியைப் போய்ப் பாக்கேல்லையோ?" அவர் போய் விரலை விட்டுப் பார்ப்பார். இளஞ்சூடு. மெல்லிய ஆவியும் பறக்கும். பின்னேரம் வந்ததும் அவள் முதலில் ஒரு தேத்தண்ணி கொடுத்து இருத்துவாள். பிறகு, "இனிப் போய்ப் பாருங்கோ," என்பாள். பார்ப்பார். அப்போதும் ஆவி. பேடுகள் வரிசையில் நின்று குடித்து, தலையைத் தூக்கி, அவருக்கு நன்றி சொல்லுவதுபோல் ஆகாயத்தைப் பார்த்தன. முட்டையும் வரத் தொடங்கியது.

ஸ்ரீஸ்கந்தராஜாவின் நடை மாறியது. தொழிற்சாலைச் சாப்பாட்டு மேசையில் கறண்டியை ரின்னாகவும் கோப்பையைப் பாத்திரமாகவும் வைத்து விளக்கம் கொடுத்தார். போர்மன் வந்து நின்று கேட்டு, தோளில் தட்டினான். "இவன்ர மூளைக்கு இவன் இஞ்ச இருக்கவேண்டிய ஆள் இல்லை," என்று தம்பித்துரை எல்லாருக்கும் சொல்லித் திரிந்தார்.

கிழமை முடிந்த ஞாயிற்றுக்கிழமை தம்பித்துரை நேரில் பார்க்க வந்தார். கூட்டைப் பார்த்தார். தண்ணியைத் தொட்டார். தொட்ட விரலைக் கொஞ்சநேரம் வைத்துப் பார்த்தார். மாடிக்கு வந்ததும் தில்லைநாயகி முட்டைப் பொரியலும் தேத்தண்ணியும் வைத்தாள்.

"அண்ணை, இவர் இல்லாட்டி அந்தச் சீவன்கள் செத்திருக்கும்," என்றாள்.

ஸ்ரீஸ்கந்தராஜா அடக்கமாக முகட்டைப் பார்த்தார்.

"எனக்கு அந்த மிசின் விளங்காது. நான் தொட்டா ஏதும் பழுதாய்ப் போம். அது இவற்றை கைக்குத்தான் கேக்கும். அதாலதான் முழுப் பொறுப்பும் தன்ர எண்டு சொல்லிப்போட்டார்."

"அதுதான் சரி, தங்கச்சி," என்றார் தம்பித்துரை.

"எனக்கும் இனிக் கோழிவேலை இல்லைத்தானே. சும்மா இருந்து என்ன செய்யிறது எண்டிட்டு நாளைக்கு வகுப்புக்குப் போய்ப் பதியப்போறன்."

ஸ்ரீஸ்கந்தராஜா வாயைத் திறந்தார். வாய்க்குள் முட்டை இருந்தது. விழுங்கி முடிப்பதற்குள் தம்பித்துரை, "போ தங்கச்சி, போ. இப்பிடி ஒரு மூளைக்காரன் வீட்டில நிக்க உனக்கென்ன கவலை," என்று அனுமதியே கொடுத்து முடித்துவிட்டார்.

மறுநாள் பின்னேரம் தில்லைநாயகி கொண்டையை இறுக்கி, தொப்பியைப் போட்டு, வகுப்புக்குப் போனாள். தேத்தண்ணி இல்லை. ஸ்ரீஸ்கந்தராஜா நேரே கூட்டுக்குப் போனார். விரலை விட்டார். விரல் உள்ளே போகவில்லை. தட்டினார். டொக் என்றது. பேடுகள் பனிக்கட்டியைக் கொத்திக் களைத்துப்போய் நின்றன. வயர் இருந்தது. ரின் இருந்தது. பாத்திரத்தை எடுத்து ரின்னைத் திறந்தார். பல்பைத்தான் காணவில்லை.

அவள் வரும்வரைக்கும் அவர் கதவடியிலேயே நின்றார்.

"பல்பு எங்கை?"

"உங்களுக்குப் பின்னால." சமையலறை மேசைக்கு மேலே அது எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே ஒரு பிரெஞ்சுப் புத்தகம். "முதல்நாளே கழட்டிப்போட்டன். ஓட்டையால வாற வெளிச்சத்தைக் கண்டு சேவல் விடியுது எண்டு நினைச்சு விடியவிடியக் கூவினது. நீங்கள் குறட்டையில கிடந்தியள். பக்கத்துப் பண்ணைக்காரன் காலமை வந்து கத்தினவன். நான் தலையை ஆட்டினன். அவன் சேவலையும் தன்ர கழுத்தையும் மாறி மாறிக் காட்டினவன். அது எனக்கும் விளங்கினது."

"அப்ப இவ்வளவு நாளும் தண்ணி?"

"கேத்தல்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் நல்ல சந்தோஷமா இருந்தியள்," என்றாள் அவள். "இந்த ஊருக்கு வந்த பிறகு அப்பிடி உங்களை நான் கண்டதில்லை."

தோற்றேன் என்று சொல்லலாம். ஆனால் போர்மன் தோளில் தட்டியாயிற்று. தம்பித்துரை ஊரெல்லாம் சொல்லியாயிற்று. ஒரு சோடி மணிக்கூட்டுக்காரர்கள் வந்து பார்க்கப்போவதாகக்கூடக் கதை. ஸ்ரீஸ்கந்தராஜா கோட்டுக்குள் கேத்தலை ஒளித்துக்கொண்டு, பனிக்குள் வழுக்கி வழுக்கி, காலமையும் பின்னேரமும் கூட்டுக்குப் போய்வந்தார். மத்தியானத்துக்கு மட்டும் தில்லைநாயகி இரக்கப்பட்டாள். சேவல் மட்டும் இரக்கப்படவில்லை.

மாசி நடுப்பகுதியில் ஒருநாள் அவர் கூட்டிலிருந்து கை விறைக்க மாடிக்கு ஏறி வந்தபோது தில்லைநாயகி ரெலிபோனில் நின்றாள். மதாம் ஜானரேயுடன். அவர் காதுக்குப் பிரெஞ்சு அவள் வாயிலிருந்து குழாய்த் தண்ணிபோல் ஓடியது. சிரித்தாள். இடையில் "முசியே ஸ்ரீ" என்றாள். பிறகு "கனார்" என்று ஒரு சொல் வந்தது, திரும்பத் திரும்ப வந்தது. அந்தச் சொல் அவருக்குத் தெரியாது. புகழ்ச்சியாக இருக்கும் என்று நினைத்துக் கதிரையில் சாய்ந்தார்.

"என்னவாம்?" என்று கேட்டார், அவள் ரெலிபோனை வைத்ததும்.

"கால் நல்ல சுகமாம். ஆனா சித்திரை வரைக்கும் அங்கைதான் நிப்பாவாம். கோழியள் முட்டை போடுறதைக் கேட்டு நல்ல சந்தோஷம். தண்ணி உறையாமல் நீங்கள் ஒரு மிசின் செய்து வைச்சிருக்கிறியள் எண்டு விளங்கப்படுத்தினனான். முசியே ஸ்ரீ கெட்டிக்காரன் எண்டு பத்துத்தரம் சொல்லிப்போட்டா."

"அந்தக் கனார் எண்டது?"

"தாரா, வாத்து. தங்கச்சிக்காரியிட்டை கொஞ்சம் நிக்குதாம். அவவுக்குப் பாக்க ஏலாதாம். உங்களை நம்பிச் சனிக்கிழமை அனுப்பிவிடுகினம்."

ஸ்ரீஸ்கந்தராஜா விறைத்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். "சரி. தாராவும் கோழி மாதிரித்தானே. குடிக்கத்தானே தண்ணி."

"குடிக்கக் கொஞ்சம் காணுமாம்," என்றாள் தில்லைநாயகி, புத்தகத்தை விரித்தபடி. "நீந்தத்தான் கனக்க வேணுமாம்."