என் முகத்துக்கு எதற்கு இத்தனை லைட்டு?

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்குத் தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. உங்கள் மூட்டுவலியும், மேல்வீட்டுக்காரரோடு நடக்கும் தண்ணீர்க் குழாய்த் தகராறும் ஒருவாறு அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் அந்த எல்லோரில் நானும் சேர்த்தியா என்பது எனக்கே தெரியாததால், அந்த வரியை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். நான் போனைக் கையில் எடுத்தாலே மகள், "யாருக்குப்பா?" என்கிறாள். சாதாரணமாகத்தான் கேட்கிறாள். அவள் சாதாரணமாகக் கேட்பதுதான் எனக்கு இடிக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் என்னைப் படம் எடுக்கிறார்கள், அண்ணா.

நம் மாப்பிள்ளை மாடியில் ஸ்டுடியோ வைத்து ஊரார் முகத்தையெல்லாம் படம் எடுப்பவர். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து என் முகத்தை அவர் நேராகப் பார்த்ததில்லை. மாமனார் என்ற மரியாதை என்று நானும் பெருமையாக விட்டிருந்தேன். அப்படிப்பட்டவர் போன வாரம் காலைச் சாப்பாட்டின்போது எதிரே உட்கார்ந்து, தட்டைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார், ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். என்ன என்று கேட்டேன். "உங்க முகம் ரொம்பக் கஷ்டமான முகம் மாமா. இதுல ஜெயிச்சுட்டா எந்த முகத்துலயும் ஜெயிச்சுடலாம்" என்றார். பெண்ணைக் கொடுத்தவனிடம் பேசுகிற பேச்சா இது? நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா, கேட்காமலேயே எனக்கு இன்னொரு காபி கொண்டுவந்து வைத்தாள். அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது.

காப்பீட்டுக் கம்பெனியில் நஷ்டஈடு கேட்டு வருகிறவர்களை விசாரித்து விசாரித்தே தலை வழுக்கையானவன் நான். தானாகத் தீப்பிடித்த கிடங்கிலிருந்து சரக்கு மட்டும் முந்தின நாளே வெளியேறியிருந்ததைக் கண்டுபிடித்தவன். என்னிடமா மறைப்பார்கள்? சரி, எதுவரை போகிறார்கள் பார்ப்போம் என்று, கூப்பிட்டதும் பேசாமல் மாடிக்குப் போனேன். அங்கே சுவர் முழுக்கக் கறுப்புத் துணி, நடுவில் ஒரு முக்காலி, முக்காலியைச் சுற்றி மூன்று காலில் நிற்கும் விளக்குகள், ஒன்றின் மேல் மழையே இல்லாத அறைக்குள் விரித்து வைத்த வெள்ளைக் குடை. உட்கார வைத்தார். முதலில் ஒரு விளக்கை நேரே என் உச்சந்தலைக்கு மேல் நிறுத்திப் படம் எடுத்து, அந்தச் சின்னத் திரையில் காட்டினார். அண்ணா, அதில் எனக்குக் கண்ணே இல்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பள்ளம். "மேல இருந்து அடிச்சா இப்படித்தான் மாமா, குழி விழுந்துடும்" என்று சாவகாசமாகச் சொன்னார். குழி என்ற சொல்லை அந்த நேரத்தில் ஒருவர் உபயோகிக்கலாமா? பிறகு விளக்கைக் கீழே இறக்கி மோவாய்க்கு அடியிலிருந்து அடித்தார். பேய் மாதிரி இருந்தது. மகள் அதைப் பார்த்ததும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பு என்றுதான் சொன்னாள். பெற்ற மகள் அப்பாவின் முகத்தைப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரிப்பாளா?

ஒரு நாளோடு விட்டார்களா என்றால் இல்லை. தினமும் சாயங்காலம் கூப்பிடுகிறார்கள். விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் பாதி முகம் காணாமல் போகிறது. நேர் எதிரே வைத்தால் கழுவி வைத்த தட்டு போல் ஆகிறது முகம். கொஞ்சம் உயரத்தில், கொஞ்சம் பக்கவாட்டில் வைத்து, இருட்டுப் பக்கம் மகளைத் தெர்மாகோல் அட்டையோடு நிறுத்தி, "இன்னும் கிட்ட, இன்னும் கிட்ட, போதும்" என்று அவளை விரட்டுகிறார். அட்டையில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் நிழலைக் கரைக்குமாம். இருட்டுப் பக்கத்துக் கன்னத்தில் சின்னதாக ஒரு முக்கோண வெளிச்சம் விழுந்ததும் லாட்டரி விழுந்தவர் போல் பூரிக்கிறார். மூக்குக் கண்ணாடியில் விளக்கு தெறிக்கிறது என்று, காதில் மாட்டும் கம்பியைப் பின்னால் லேசாகத் தூக்கிவிடுகிறார். தலை பளபளக்கிறது என்று என் மனைவி பஞ்சால் பவுடர் ஒற்றுகிறாள். இத்தனை காலத்தில் இந்தத் தலையை அவள் தொட்டதெல்லாம் என்னைப் போர்வைக்குள்ளிருந்து எழுப்பத்தான். "இவ்வளவும் எதுக்கு மாப்பிள்ளை?" என்று கேட்டேன். "கண்ணுல ஒரு புள்ளி வெளிச்சம் இருக்கணும் மாமா. அது இல்லேன்னா உயிர் இல்லாத மாதிரி தெரியும்" என்றார். அதோடு நிற்கவில்லை. வெளிச்சம் இன்னும் மிருதுவாக வேண்டும் என்று கீழே ஓடிப்போய் ஒரு வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து என் எதிரே விரித்துப் பிடித்தார். படுக்கை விரிப்புதான், விளக்குக்கு முன்னால் கட்டத்தான். ஆனால் ஒரு மனிதன் முக்காலியில் உட்கார்ந்திருக்கும்போது எதிரே வெள்ளைத் துணியை விரித்தால் அவன் என்ன நினைப்பான்? நீங்களே சொல்லுங்கள்.

செய்தித்தாளில் 'கண்ணீர் அஞ்சலி' என்று கட்டம் கட்டிப் போடுகிற படத்துக்குத்தான் இந்த ஏற்பாடெல்லாம் என்பது அப்போதே உறைத்துவிட்டது. சாட்சியும் கிடைத்தது. நேற்று மாடிப்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கேட்டேன். மகள் சொல்கிறாள், "பாவங்க, அப்பாவுக்கு எப்பதான் சொல்றது?" மாப்பிள்ளை சொல்கிறார், "எல்லாம் முடிஞ்ச பிறகு சொல்லிக்கலாம்." எல்லாம் முடிந்த பிறகு எனக்கு எப்படிச் சொல்வார்கள் அண்ணா? எந்தக் காதில் சொல்வார்கள்?

இன்று காலை யாருக்கும் தெரியாமல் நம் டாக்டரிடம் போனேன். மறைக்காமல் சொல்லுங்கள் என்றேன். அவர் என் கையைப் பிடித்துப் பார்த்து, முதுகில் குழாயை வைத்துக் கேட்டு, "உங்களுக்கு ஒண்ணுமே இல்லையே, எதுக்கு வந்தீங்க?" என்றார். ஒன்றுமே இல்லை என்கிறவர்கள் எத்தனை பேரை நான் பார்த்திருக்கிறேன். போகும்போது, "உப்பைக் கொஞ்சம் குறைங்க" என்றார் பாருங்கள், அங்கேதான் மாட்டிக்கொண்டார். ஒன்றுமில்லாதவனுக்கு உப்பை எதற்குக் குறைக்க வேண்டும்? வீட்டுக்கு வந்தால் மனைவி, "எங்க போனீங்க?" என்று கேட்டுவிட்டு, பதில் சொல்லாததற்குச் சண்டை போடவில்லை. அவள் சண்டை போடாத வீட்டில் எனக்கு மூச்சு முட்டுகிறது.

அண்ணா, சாவுக்கு நான் பயப்படவில்லை. பயப்படத்தான் செய்கிறேன், உங்களிடம் என்ன மறைப்பு. ஆனால் அதைவிட, என் வீட்டிலேயே எல்லோருக்கும் தெரிந்த விஷயம் எனக்கு மட்டும் தெரியாமல் நான் பவுடர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் தாங்கவில்லை. மாப்பிள்ளை உங்களிடம் அடிக்கடி போனில் பேசுவார் என்று எனக்குத் தெரியும், உங்களிடம் அவருக்கு மரியாதையும் உண்டு. நீங்கள் கேட்டால் சொல்லிவிடுவார். இன்னும் எவ்வளவு காலம் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள், கூட்டிக் குறைக்காமல் எழுதுங்கள். அப்புறம் ஒரு வேண்டுகோள். அண்ணி காலமான பிறகு நீங்கள் அந்த வீட்டில் தனியாகத்தானே இருக்கிறீர்கள். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இங்கே வந்துவிடுங்கள். உங்கள் தம்பி மனைவி வெளியே பார்த்தால் மகாராணி, ஆனால் பின்கதவைத் தாழ் போட்டாயிற்று என்று யாராவது வாய்விட்டுச் சொன்னால்தான் தூங்குவாள். தினமும் நான்தான் சொல்வேன். நீங்கள் சொன்னால் நம்புவாள்.

வயதில் மூத்தவர் நீங்கள், உங்களை வாழ்த்த எனக்கு வயதில்லை. வணங்குகிறேன். நீங்களாவது நூறு வயது இருங்கள். என் பங்கையும் சேர்த்தே இருங்கள்.

இப்படிக்கு,
இன்னும் இருக்கும் வரை,
உங்கள் தம்பி

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம். படித்திருந்தால் மறந்துவிடுங்கள். திரும்ப எழுதக் கை வலிக்கிறது, அதனால்தான் கிழிக்கவில்லை. உறையை ஒட்டப்போன நேரத்தில் மாடியிலிருந்து கூப்பிட்டார்கள். போனேன். முக்காலியில் உட்கார மாட்டேன் என்றேன். "எத்தனை நாள்னு சொல்லுங்க, அப்புறம் எந்தப் பக்கம் வேணும்னாலும் திரும்புறேன்" என்றேன். மாப்பிள்ளை பேந்தப் பேந்த முழித்தார். மகள் அட்டையைக் கீழே போட்டுவிட்டு அழுதாள், இந்த முறை நிஜமாகவே. பிறகு உண்மை வந்தது. படம் எனக்கில்லையாம். உங்களுக்காம். நீங்கள் அடுத்த மாதம் வருகிறீர்களாம், ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்கார மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டீர்களாம், அதற்குள் பத்து வயது குறைந்து தெரிய வேண்டுமாம். அதே வழுக்கை, அதே மூக்கு, அதே கண்ணாடி என்று, விளக்கையெல்லாம் முன்கூட்டியே என்மேல் வைத்துச் சரிபார்த்திருக்கிறார்கள். உங்கள் ஊர் நூலகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாவின் வீட்டுக்கு அந்தப் படம் போகப் போகிறதாம். "தம்பிக்கு இப்பச் சொல்லாதீங்க, விசாரிச்சே கெடுத்துடுவான்" என்று நீங்களே சொன்னீர்களாமே. கேட்டதும் கோபம் வந்தது. அப்புறம் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில்தான் அண்ணா. உங்களுக்குத் துணை வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதே போதும். நான் ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன், சத்தியம். அந்த அம்மாவும் உங்களுக்கு ஒரு படம் அனுப்பியிருப்பார்கள் அல்லவா, அதை மட்டும் ஒரு நாள் எனக்கு அனுப்பி வையுங்கள். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து அடித்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு உடனே திருப்பி அனுப்பிவிடுகிறேன்.